அறை எண்ணும் சேர்ந்து போகட்டும்: அமெரிக்காவில் தொழில் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவ நிலையம், தங்கும் விடுதி, மென்பொருள் அலுவலகம், பள்ளி, குழந்தைகள் காப்பகம் என்று பல அறைகள் கொண்ட இடங்களை நடத்துகிறவர்களுக்கும், அந்த இடங்களில் தொலைபேசி அமைப்பை நிறுவிப் பராமரிக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நானும் அந்த வேலையில் இருக்கிறவன்தான். உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் உள்ள எந்தத் தொலைபேசியிலிருந்து யார் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தாலும், அழைத்தவர் வாய் திறக்காமலேயே, அவர் எந்தத் தளத்தில் எந்த அறையில் இருக்கிறார் என்பது மறுமுனையில் இருப்பவரின் திரையில் தெரிய வேண்டும். இன்று உங்கள் இடத்தில் அது தெரிகிறதா?

911 மையத்தில் அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இடத்தைத்தான். என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்பதெல்லாம் பிறகு. நோயின் பெயர் தெரியாவிட்டாலும் ஆம்புலன்ஸை அனுப்பிவிடலாம். இடம் தெரியாமல் அனுப்ப வழியில்லை. அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். பக்கவாதம் வந்து நாக்குக் குழறுகிறவர். ஒவ்வாமையில் தொண்டை அடைத்துக்கொண்டவர். கையில் துப்பாக்கியோடு ஒருவன் தாழ்வாரத்தில் நடமாடும்போது மேசைக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பவர். இரவில் வந்து தரை துடைத்துவிட்டுப் போகும், கட்டடத்தின் தெருப் பெயரே தெரியாத துப்புரவுப் பணியாளர். சிறு குழந்தை.

இந்த வரிசையில் நம் வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, சுற்றுலாப் போகும் வழியில் ஏதோ ஒரு விடுதியில் தங்கியிருக்கும் அம்மாவும் அப்பாவும். அவர்களுக்குப் பழகிய எண் 108. இங்கே 911 என்று சொல்லிக்கொடுத்திருப்போம். அதை நினைவும் வைத்திருப்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும்போது, அந்த விடுதியின் பெயரையும் ஊரின் பெயரையும் அமெரிக்கருக்குப் புரியும் உச்சரிப்பில் அம்மாவால் சொல்ல முடியுமா? பல 911 மையங்களில் தொலைபேசி வழியாகவே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. அந்த இணைப்பு கிடைக்கும்வரை வண்டி காத்திருக்கக் கூடாது என்றால், முகவரியும் அறை எண்ணும் அழைப்போடு சேர்ந்து போயிருக்க வேண்டும்.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக் காலத்தில் வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. ஒரு கம்பி, ஒரு எண், ஒரு வீடு. எண்ணுக்கு எதிரே முகவரியை எழுதி வைத்த தரவுத்தளம் ஒன்று இருந்தது. அழைப்பு வந்ததும் மையத்தின் திரையில் முகவரி விழும். அலுவலகத்தின் கதை அப்படியில்லை. நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள், அதாவது உள் இணைப்புத் தொலைபேசிகள், அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பி.பி.எக்ஸ். என்ற ஒரு கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். வெளியே போகும் இணைப்புகள் சிலவே. வெளியே தெரியும் எண் பெரும்பாலும் நிறுவனத்தின் பொது எண். அந்த எண்ணுக்கு எதிரே பதிவாகியிருப்பது, மாதாமாதம் பில் எங்கே போகிறதோ அந்த முகவரி. எட்டாவது மாடியில் ஒருவர் சுருண்டு விழுந்து கிடப்பார்; திரையில் தெருவின் பெயரும் கட்டட எண்ணும் மட்டும் வரும். பல கட்டடங்கள் உள்ள வளாகமாக இருந்தால், கணக்குப் பிரிவு இருக்கும் வேறொரு கட்டடத்தின் முகவரி வரும். வந்தவர்கள் வரவேற்பு மேசையில் நின்று "யார் அழைத்தது?" என்று கேட்பார்கள். மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. அங்கிருந்து தேடல் தொடங்கும்.

2013 டிசம்பர் 1 அன்று டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில், கேரி ஹண்ட் என்ற பெண் பிரிந்து வாழ்ந்த கணவனால் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகளும் அங்கே இருந்தாள். கற்றுக்கொடுத்திருந்தபடியே அவள் 911 எண்ணை அழுத்தினாள். நான்கு முறை அழுத்தினாள். ஒரு முறையும் அழைப்பு போகவில்லை. வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்த விடுதித் தொலைபேசியின் ஏற்பாடு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? கேரியின் தந்தை சட்டம் கேட்டு இயக்கம் நடத்தினார். டெக்சஸ் 2015-இல் மாநிலச் சட்டம் இயற்றியது. கேரியின் பெயரைத் தாங்கிய நாடு தழுவிய சட்டம் 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது. நாட்டின் முதல் 911 அழைப்பு அலபாமாவின் ஹேலிவில் ஊரில் நடந்தது 1968 பிப்ரவரி 16 அன்று. இடையில் சரியாக 50 ஆண்டுகள். எண்களை அழுத்தும் வரிசையைச் சொல்லும் அமைப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் கோளாறு இது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேரி சட்டம் இரண்டைக் கேட்கிறது. முன்னால் எந்த எண்ணும் சேர்க்காமல் 911 நேராகப் போக வேண்டும். போகும் அதே நேரத்தில், கட்டடத்தின் வரவேற்பு மேசைக்கோ பாதுகாப்பு அறைக்கோ அல்லது அதுபோன்ற பொறுப்பான இடத்துக்கோ "இந்த இடத்திலிருந்து 911 அழைத்திருக்கிறார்கள்" என்று அறிவிப்புப் போக வேண்டும். 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு தயாரிக்கப்பட்ட, இறக்குமதியான, முதன்முறையாக விற்கப்பட்ட, குத்தகைக்கு விடப்பட்ட அல்லது நிறுவப்பட்ட அமைப்புகளுக்கு இது பொருந்தும். நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் இதைச் செய்துவிட்டார்கள். ஒரு நாள் வேலைதான்.

நான் கவலைப்படுவது அடுத்த சட்டத்தைப் பற்றி. 2018 மார்ச் 23 அன்று கையெழுத்தான ரே பாம் சட்டத்தின் 506-ஆம் பிரிவு, அழைப்பவரின் இருப்பிடத்தை 911 மையத்துக்குக் கொண்டுசேர்க்க விதிகள் வகுப்பதைப் பரிசீலிக்கும்படி எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் சொன்னது. 2019 ஆகஸ்டில் ஆணையம் விதிகளை வகுத்தது. சரிபார்க்கப்பட்ட தெரு முகவரி மட்டும் போதாது. அழைத்தவரைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்குத் தளம், பிரிவு, அறை போன்ற விவரங்களும் அதோடு போக வேண்டும். ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் மேசைத் தொலைபேசிகளுக்கு 2021 ஜனவரி 6 முதல் இது கட்டாயம். அங்கே இந்த விவரம் தானாகவே போக வேண்டும். இடம் மாறும் கருவிகளுக்கு, அதாவது மடிக்கணினியில் ஓடும் சாஃப்ட்போன், வைஃபை கைத்தொலைபேசி போன்றவற்றுக்கு, 2022 ஜனவரி 6 முதல். அவற்றில் தொழில்நுட்பம் இடம் கொடுத்தால் தானாகப் போக வேண்டும். இல்லையென்றால் பயன்படுத்துகிறவரே தன் இடத்தைப் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும், அல்லது வேறு வகையில் பெற்ற இருப்பிடத் தகவலை அனுப்ப வேண்டும்.

"தேவையான அளவுக்கு" என்று சொன்னேன் அல்லவா, அந்த அளவை ஆணையம் அங்குலக் கணக்கில் நிர்ணயிக்கவில்லை. ஒற்றை அறைக் கடைக்குத் தெரு முகவரியே போதும். பல மாடிக் கட்டடத்துக்குப் போதாது. உங்கள் கட்டடம் எந்த வகை என்பதை நேர்மையாக முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான். இந்த நெகிழ்வைத்தான் பலர் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். இருப்பிடம் கேட்கும் கட்டத்தில் "மெயின் பில்டிங்" என்று நிரப்பிவிட்டு, விதியை நிறைவேற்றிவிட்டதாகக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூன்று தளங்களிலும் அதே "மெயின் பில்டிங்".

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று. அந்தக் கட்டடத்தை முன்பின் பார்த்திராத ஒருவர், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு, புகையிலோ கூட்டத்திலோ நடந்து வந்து, யாரிடமும் வழி கேட்காமல் சரியான கதவைத் திறக்க வேண்டும். அப்படி எழுதப்பட்டிருக்கிறதா? கூட்ட அறைகளுக்குக் காவிரி, வைகை, பொருநை என்று பெயர் வைக்கும் பழக்கம் நம்மவர் அலுவலகங்களில் உண்டு. அழகான பழக்கம், எனக்கும் பிடிக்கும். 911 திரையில் "வைகை" என்று மட்டும் வந்தால் அது எந்த மாடியில் என்று அந்த ஊர்த் தீயணைப்பு வீரருக்கு எப்படித் தெரியும்? தளம் எண், மூலை அல்லது பிரிவு, அறை எண் என்ற வரிசையில் எழுதுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். சில பழைய தரவுத்தளங்களில் இந்த விவரத்துக்கு மிகக் குறைந்த எழுத்துகளுக்கே இடம் உண்டு. நீளமாக எழுதினால் வால் வெட்டுப்பட்டுப் போகும். முக்கியமானதை முதலில் எழுதுங்கள்.

இனி பொறியாளர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பிழை நுழைவது பெரும்பாலும் நம் கையில்.

நிறுவும் நாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தளங்களைப் பகுதிகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அவசரகால எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணுக்கு எதிரே முகவரியையும் தளத்தையும் பதிவு செய்வோம். எந்தத் தொலைபேசி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அது செருகப்பட்டிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டை, அதாவது வலையமைப்புப் பெட்டியின் துளையை வைத்தோ, அதன் ஐ.பி. முகவரி வரும் வலைப்பிரிவை வைத்தோ, வைஃபை என்றால் அது பிடித்திருக்கும் அக்சஸ் பாயின்ட்டை, அதாவது வைஃபை அலை பரப்பும் பெட்டியை வைத்தோ அமைப்பே கண்டுபிடிக்கும். சோதனையும் செய்வோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அதன் பிறகு கட்டடம் மாறத் தொடங்கும். விற்பனைப் பிரிவு இரண்டாம் தளத்திலிருந்து ஐந்தாம் தளத்துக்குப் போகும். போகிறவர்கள் தொலைபேசியையும் கையோடு தூக்கிக்கொண்டு போய்ச் செருகிக்கொள்வார்கள். இருப்பிடத்தை எக்ஸ்டென்ஷனுக்கு எதிரே கையால் எழுதி வைத்திருந்தால், ஐந்தாம் தளத்திலிருந்து போகும் அழைப்பு இரண்டாம் தளம் என்று சொல்லும். போர்ட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் அமைப்பாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது என்று நினைப்போம். கேபிள் அறையில் யாராவது ஒயர்களை மாற்றிச் செருகும்வரை வராது. வேலை அவசரத்தில், காலியாக இருந்த வேறொரு போர்ட்டில் செருகிவிட்டு, எழுதி வைக்காமல் போயிருப்பார்கள். தொலைபேசி நன்றாக வேலை செய்யும்; பேச்சு தெளிவாகக் கேட்கும்; புகார் வராது. இருப்பிடம் மட்டும் பொய்யாகியிருக்கும். தொலைபேசி அமைப்பின் மற்றக் கோளாறுகளெல்லாம் உடனே சத்தம் போடும். இது ஒன்று மட்டும் அவசர அழைப்பு வரும் நாள்வரை மௌனமாக இருக்கும்.

வைஃபை இன்னும் தந்திரமானது. மூன்றாம் தளத்தில் நிற்கும் செவிலியரின் கைத்தொலைபேசி, தலைக்கு மேலே நான்காம் தளத்தில் இருக்கும் அக்சஸ் பாயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அலை அங்கே வலுவாக இருந்தால். தரை வழியாக அலை கசியும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே ஒற்றைப் புள்ளியை நம்பும் அமைப்பை மருத்துவமனை போன்ற இடத்தில் அப்படியே விட்டுவிடக் கூடாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வசதி இருந்தால் அதை வாங்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கூரையைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது அக்சஸ் பாயின்ட்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவார்கள். அதை மாட்டுகிறவர் மின்பணியாளராக இருப்பார். அந்தப் பெட்டிக்கும் 911-க்கும் உறவு உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

என் கோரிக்கையின் மையம் இதுதான்: இருப்பிடப் பதிவைத் தொலைபேசியின் ஓர் உறுப்பாக நடத்துங்கள். மேசை நகர்த்தும் வேலைக்கு ஒரு படிவம் இருந்தால், அதில் "911 இருப்பிடம் மாற்றப்பட்டதா" என்ற வரியைச் சேருங்கள். அந்த வரி நிரம்பாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில் வர வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்தப் பதிவுக்குப் பொறுப்பானவர் ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். "ஐ.டி. பிரிவு" என்று எழுதினால் அது யாருடைய வேலையும் ஆகாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமையகம் நியூஜெர்சியில்; ஊழியர் டாலஸ் அருகே தன் வீட்டில். மடிக்கணினியில் அலுவலகத் தொலைபேசிச் செயலி ஓடுகிறது; வி.பி.என். என்ற பாதுகாப்பான இணையவழி இணைப்பின் மூலம் தலைமையக வலையில் இணைந்திருக்கிறார். இருப்பிடத்தைச் சரியாகக் கையாளாத அமைப்பில் அவர் 911 அழைத்தால், அழைப்பு நியூஜெர்சியில் உள்ள 911 மையத்துக்குப் போய்விடும். அங்கே இருப்பவர் டெக்சஸில் சரியான மையத்தைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுக்க வேண்டும். இருப்பிடமே இல்லாத அழைப்புகள் சில சேவைகளில் இடைநிலை மையம் ஒன்றுக்குப் போகின்றன, அங்கே ஓர் ஆள் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று வாய்வழியாகக் கேட்டு, பிறகு உரிய மையத்தோடு இணைக்கிறார். பேச முடிகிறவருக்கு அது தாமதம். பேச முடியாதவருக்கு?

இதற்காகத்தான் புதிய இடத்தில் இணையும்போது செயலிகள் முகவரி கேட்கின்றன. ஊழியர்கள் "பிறகு" என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்காகக் கேட்கிறது என்று யாரும் விளக்கவில்லை. நிறுவன உரிமையாளர்களே, வேலையில் சேரும் முதல் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை விளக்குங்கள். அந்தப் "பிறகு" பொத்தானை நீக்கிவிட முடியும் என்றால் பொறியாளரிடம் சொல்லி நீக்கிவிடுங்கள். வெற்றிடத்தில் தலைமையக முகவரியைத் தானாக நிரப்பி வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். முகவரி இல்லாவிட்டால் அழைப்பை எடுப்பவர் கேட்டாவது தெரிந்துகொள்வார். தவறான முகவரி இருந்தால் வண்டி தவறான வாசலுக்குப் போய்விடும்.

அழைப்பு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 911 மையம் திருப்பி அழைக்கும். திரையில் இருப்பது நிறுவனத்தின் பொது எண் என்றால், அந்த அழைப்பை எடுப்பது "விற்பனைக்கு 1, சேவைக்கு 2" என்று சொல்லும் பதிவுக்குரல். இரவென்றால் "எங்கள் அலுவலக நேரம்" என்று தொடங்கும். உயிர் ஊசலாடும் நேரத்தில் அழைப்பு எடுப்பவர் பட்டியல் கேட்டுக்கொண்டிருப்பார். பகுதிக்கு ஒதுக்கிய அவசரகால எண், திரும்பி வரும் அழைப்பைச் சற்று முன் 911 அழைத்த அதே தொலைபேசிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைக்கப்பட வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் அந்த வசதி உண்டு.

அறிவிப்பு விஷயத்தில் சுருக்கமாக. விதியின்படி அது, யாராவது பார்க்கவோ கேட்கவோ வாய்ப்புள்ள இடத்துக்குப் போக வேண்டும். அழைப்பைத் தாமதப்படுத்தக் கூடாது. திருப்பி அழைக்கும் எண்ணும், 911 மையத்துக்குப் போகும் அதே இருப்பிட விவரமும் அதில் இருக்க வேண்டும். மேலாளரின் மின்னஞ்சல் பெட்டிக்கு மட்டும் போகும் அறிவிப்பை இரவு பதினொரு மணிக்கு யாரும் பார்க்கப் போவதில்லை. இரவு ஊழியரின் மேசையில் ஒலி எழும்பட்டும், திரையில் செய்தி வரட்டும், பாதுகாவலரின் கைத்தொலைபேசிக்கும் போகட்டும். அறிவிப்பு கிடைத்தவர் செய்ய வேண்டியது வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து, மின்தூக்கியை நிறுத்தி வைத்து, வருகிறவர்களை நேராக அழைத்துப் போவது. 911 அழைப்பையே முதலில் வரவேற்பாளரிடம் திருப்பிவிட்டு, "அவர் பார்த்து முடிவு செய்வார்" என்று அமைத்திருக்கும் இடங்கள் உண்டு. அது அறிவிப்பு ஆகாது, தடை.

"இப்போது எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறதே, மேசைத் தொலைபேசியை யார் தொடுகிறார்கள்?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். செல்பேசியின் இருப்பிடம் நன்றாக மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. உள்ளரங்க அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு உயரத்தை 3 மீட்டர் துல்லியத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அதே ஆணையம் செல்பேசி நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. ஆனால் அந்த உயரம் மீட்டர் கணக்கில் வருகிறது. அது எத்தனையாவது தளம் என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. அறை எண்ணை அது சொல்லவே சொல்லாது. அடித்தளத்தில் உள்ள எக்ஸ்ரே அறையில் சிக்னல் கிடைக்காது. விடுதி அறையில் விழுந்தவரின் செல்பேசி குளியலறையில் மின்னேற்றியில் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பது மேசைத் தொலைபேசி. அந்தக் கம்பியின் மறுமுனை எந்த அறை என்று உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

"எங்கள் அமைப்பு 2020-க்கு முந்தையது, எங்களுக்குப் பொருந்தாது" என்பது இன்னொரு பதில். கூட்டாட்சி விதியளவில் சரியாக இருக்கலாம். உங்கள் மாநிலத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றிவிட்டு இணையவழிச் சேவைக்கு மாறும் நாளில் விதியும் வந்து சேரும். அதுவரை காத்திருக்க வேண்டுமா என்பதை அந்த அறைகளில் தூங்குகிறவர்களை நினைத்து முடிவு செய்யுங்கள். சிறு நிறுவனம் என்பதற்காகவும் விலக்கு இல்லை. பல இணைப்புத் தொலைபேசி அமைப்பாக இருந்தால் போதும்.

"அதெல்லாம் சேவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில், அதிகம் அஞ்சும் பதிலும்கூட. சேவை நிறுவனம் அழைப்பு போகும் குழாயைத் தரும். இருப்பிடத்தை ஏற்றுக்கொள்ளும், சரியான மையத்துக்கு அனுப்பும். உங்கள் 214-ஆம் அறைக்கும் 216-ஆம் அறைக்கும் நடுவே சுவர் எடுத்து ஒன்றாக்கிவிட்டீர்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? விதியும் அமைப்பை விற்பவர், நிறுவுபவர், நிர்வகிப்பவர், நடத்துபவர் என்று பொறுப்பைப் பகிர்ந்தே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ஒவ்வொரு அறைக்கும் தனி இருப்பிடம் பதிய முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, மாற்றம் செய்தால் எத்தனை நேரத்தில் 911 தரவுக்குப் போய்ச் சேரும், திருப்பி அழைத்தால் எங்கே மணியடிக்கும். எழுத்தில் பதில் வாங்குங்கள். அறைக்கு இத்தனை டாலர் என்று மாதக் கட்டணம் சொன்னால், அதைச் சேமிக்கும் ஆசையில் முழுக் கட்டடத்துக்கும் ஒரே இருப்பிடத்தைப் பதிந்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பொறியாளர்களுக்கு இன்னொன்று. வெளியழைப்புக்கு 9 அழுத்தும் பழக்கம் உள்ள இடத்தில், அடுத்து வெளியூருக்கு 1 அழுத்தும்போது விரல் தவறி இன்னொரு 1 விழுந்தால் அழைப்பு 911-க்குப் போய்விடும். தவறான அழைப்புகள் பெருகினால் சிலர் எரிச்சலில் 911 நேரழைப்பையே முடக்கிவிட நினைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. வெளியழைப்பு எண்ணை 8 என்று மாற்றுங்கள், அல்லது முன்னெண்ணே இல்லாமல் செய்துவிடுங்கள். பழக்கத்தில் 9-911 அழுத்துகிறவருக்கும் அழைப்பு போகும்படி விட்டுவையுங்கள். தவறி அழைத்தவர்கள் பயந்து துண்டித்துவிடாமல், "தவறுதலாக அழைத்துவிட்டேன், இங்கே ஆபத்து இல்லை" என்று சொல்லிவிட்டு வைக்கும்படி ஊழியர்களிடம் சொல்லுங்கள். துண்டித்தால் அவர்கள் திருப்பி அழைக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆளையும் அனுப்ப வேண்டும்.

கடைசியாகச் சோதனை. பல இணையவழித் தொலைபேசிச் சேவைகளில் 933 என்ற எண்ணை அழைத்தால், 911-க்குப் போகவிருக்கும் எண்ணையும் முகவரியையும் பதிவுக்குரல் வாசித்துக் காட்டும். உங்கள் சேவையில் அது உண்டா என்று கேளுங்கள். இருந்தால், கையில் தளவரைபடத்தோடு ஒவ்வொரு தளத்திலும் நடந்து, அறை அறையாக அழைத்துப் பாருங்கள். பொதுத் தொலைபேசிகளையும், சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பதையும், மின்தூக்கிக்குள் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். மின்தூக்கித் தொலைபேசி வேறொரு கண்காணிப்பு நிறுவனத்துக்குப் போகிறது என்றால், அவர்களிடம் எந்த முகவரி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

933 இல்லையென்றால் உண்மையான 911 எண்ணில்தான் சோதிக்க வேண்டியிருக்கும். முன்னறிவிப்பில்லாமல் அதைச் செய்யக் கூடாது. உங்கள் வட்டாரத்து 911 மையத்தின் அவசரமற்ற எண்ணை அழைத்து, சோதனைக்கு உகந்த நேரம் கேளுங்கள். நேரம் கொடுத்தால், அழைத்தவுடன் "இது சோதனை அழைப்பு, ஆபத்து எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் திரையில் வருவதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெரு வந்து, தளம் வராவிட்டால் அன்றே சேவை நிறுவனத்துக்கு எழுதுங்கள். தளம் வந்து, அறை எண் பழையதாக இருந்தால் அன்றே திருத்துங்கள். மேசைகள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும், கட்டடம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், சேவை நிறுவனம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒன்றும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்.

அன்புடன்,
தொலைபேசி அமைப்புகளில் வேலை செய்யும் உங்களில் ஒருவன்